கதவு திறந்திருக்கிறது

வண்டியை ஒப்படைக்கும் முன் உறுதிமொழி வாங்குவார்கள் என்று பிழைதிருத்துபவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் சட்டையையாவது இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருப்பார்.

பாடநூல் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர் அவர். வீட்டிலிருந்து அச்சகம் ஆறு கிலோமீட்டர். மனைவி நர்ஸ், அவள் வேலை செய்யும் மருத்துவமனையும் அதே சாலையில்தான். இந்த ஆறு கிலோமீட்டரைக் கடக்க அவர்கள் வாங்கிய வண்டிக்கு 'மலையேறி' என்று பெயர். காரும் இல்லை, ஜீப்பும் இல்லை. ஒரு சின்னக் காரை எக்கி நிற்கவைத்த மாதிரி ஒரு எஸ்.யூ.வி. பனி, மணல், சேறு என்று மூன்று வகை நிலத்துக்கு மூன்று பொத்தான்கள் இருந்தன. அச்சகத்துக்குப் போகப் பொத்தான் இல்லை.

ஒப்படைப்பு விழாவில் சிவப்புத் துணியை விலக்கினார்கள், கைதட்டினார்கள், எதிரே இருந்த பலகையைப் பார்த்து வாசிக்கச் சொன்னார்கள். "நான் ஒரு வாகனம் வாங்கவில்லை. ஒரு குடும்பத்தில் இனைகிறேன்" என்று எழுதியிருந்தது. இணைகிறேன் என்றால் சேர்கிறேன். இனைகிறேன் என்றால் வருந்துகிறேன். அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். எழுதியிருந்தபடியே வாசித்தார். அந்த நிறுவனம் தன்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று அவருக்குப் பிற்பாடு தோன்றியது.

முதல் சில மாதங்கள் எல்லா உரிமையாளர்களையும்போல அவர்களும் வண்டிக்குப் பழகினார்கள். முன் இருக்கையில் வெங்காயப் பையை வைத்தால் அதற்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி அலறும், போட்டார்கள். குழியைத் தவிர்க்கத் திருப்பினால், கோட்டைத் தாண்டியதற்காக ஸ்டியரிங் கையை உதறும். குழியில் இறங்கினால் ஒன்றும் சொல்லாது. ஆகவே இறங்கினார்கள். ஏ.சி.யைக் குறைக்கத் திரையில் நான்கு பக்கங்கள் புரட்ட வேண்டும். அதற்குள் அச்சகம் வந்துவிடும்.

எட்டாவது மாதம், பின்பக்க இடது கதவு திறக்க மறுத்தது. அதே நிமிடம் திரையில் சிவப்பெழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: கதவு திறந்திருக்கிறது.

பயன்பாட்டுக் கையேட்டில் இருந்த எண்ணுக்கு அவர் போன் செய்தார். முன்பெல்லாம் சர்வீஸ் ஸ்டேஷன் என்று அழைக்கப்பட்ட இடம் இப்போது உரிமையாளர் அனுபவ மையம் ஆகியிருந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு நேரம் கிடைத்தது. காலை ஒன்பதரை, பத்து நிமிட வேலை என்றார்கள். அது, மனைவியின் மருத்துவமனையில் மாமனாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குக் குறித்திருந்த அதே நாள். சிகிச்சை பன்னிரண்டு மணிக்கு. மையம் போகிற வழியில்தான் இருந்தது. ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் இருக்கிறது, பத்து நிமிடம் எந்த மூலைக்கு என்று அவர் கணக்குப் போட்டார்.

மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர். முப்பத்தோரு வருடம் ஊரிலுள்ள கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கி, கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். மாப்பிள்ளையிடம் அவருக்குப் பகை கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி, "பேப்பர் வந்துடுச்சா?" "வந்துடுச்சு மாமா" என்பதுதான்.

மடக்க முடியாத காலை இருக்கை முழுக்க நீட்டிக்கொண்டு மாமனார் பின்னால் உட்கார்ந்திருந்தார். வலது கதவு வழியாக ஏற்றியிருந்தார்கள். மையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, அதே வலது கதவைத் திறக்கப் போனார் பிழைதிருத்துபவர். அதுவும் திறக்கவில்லை.

நீலக் கோட்டு போட்ட பெண்மணி ஒருவர் டேப்லெட்டோடு ஓடிவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மார்பில் 'அனுபவ ஆலோசகர்' என்று பட்டை.

"வாங்க சார். உங்க துணை எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரியில இருக்கா. டியூட்டி."

"வண்டியைச் சொன்னேன் சார். நாங்க வண்டின்னு சொல்ல மாட்டோம். துணைன்னுதான் சொல்லுவோம்."

"அதோட பின்கதவு ரெண்டும் திறக்கல. மாமா உள்ள மாட்டிக்கிட்டார்."

ஆலோசகர் டேப்லெட்டை வண்டியிடம் காட்டினார். அது ஒரு தடவை கூவியது.

"இடது கதவு திறந்துதான் சார் இருக்கு."

"மூடியிருக்குங்க. நீங்களே பாருங்க."

"நான் பார்த்து என்ன சார் பண்றது? சிஸ்டம் பார்க்கணுமே. பின்னால ஆள் இருக்கும்போது ஒரு கதவு திறந்திருந்தா இன்னொண்ணு தானா பூட்டிக்கும். குழந்தைங்க பாதுகாப்புக்கு. ரொம்ப நல்லா வேலை செய்யுது."

"மாமாவுக்கு எழுபத்து மூணு வயசு."

"அந்த வயசுக்கும் சேர்த்தேதான் சார் பாதுகாப்பு."

திறந்திருக்கும் கதவைத் திறப்பதற்கு வேலைச் சீட்டு போட முடியாது என்பதை அவர் மிகுந்த மரியாதையோடு விளக்கினார். சீட்டு இல்லாமல் எந்த மெக்கானிக்கும் வண்டியைத் தொடக்கூடாது. கதவை மூடினால்தான் சீட்டு வரும். கதவோ மூடித்தான் இருக்கிறது. பிழைதிருத்துபவர் இந்த வாக்கியங்களை மனதுக்குள் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

பின் ஜன்னல் நாலு விரல் அகலம் இறங்கி நின்றுவிட்டது. அந்த இடுக்கு வழியே மாமனாரின் கண்கள் தெரிந்தன.

"என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?"

"கதவு திறந்திருக்காம் மாமா."

மாமனார் கதவை ஒரு முறை பார்த்தார். "அப்போ நான் உள்ள இல்லைன்னு சொல்லுங்க."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக் நின்று இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அங்கே மெக்கானிக்குகளுக்குப் பெயர் இல்லை. சட்டைப் பையில் எண் தைத்திருக்கும். இவர் பதினான்கு. நரை விழுந்த மனிதர். மெதுவாக வந்து, கதவோரம் குனிந்து, காதை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"உள்ள ஒரு க்ளிப் உடைஞ்சிருக்கு சார். பத்து நிமிஷ வேலை."

"பண்ணிடுங்களேன்!"

"சீட்டு இல்லாம தொட்டா என்னைத் தூக்கிடுவாங்க." தட்டிய விரலைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார்.

அடுத்து வண்டியைக் கழுவினார்கள். உள்ளே ஆள் இருப்பதாகப் பிழைதிருத்துபவர் ஓடிப்போய்ச் சொன்னார். எந்த வண்டியாக இருந்தாலும் கழுவாமல் பரிசோதனைக்குள் நுழையக்கூடாது என்பது விதி. உள்ளே ஆள் இருந்தால் கழுவக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. கதவு திறந்திருப்பதாக சிஸ்டம் சொன்னால் கழுவலாமா என்று ஒரு பணியாளர் நியாயமான சந்தேகம் ஒன்றை எழுப்பினார். "கதவு மூடித்தானே இருக்கு, கண்ணு தெரியலயா?" என்றார் ஆலோசகர். வண்டி நுரைக்குள் போனது. மறுபக்கம் வெளியே வந்தபோது மாமனாரின் இடது காதிலும் பாதி மீசையிலும் வெள்ளை நுரை படிந்திருந்தது. நாலு விரல் இடுக்கு போதுமானதாக இருந்திருக்கிறது.

"ஷாம்பு நல்ல வாசனை" என்றார் மாமனார். அவர் கோபத்தில் இருந்தால் இப்படித்தான் பேசுவார் என்று மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறார் பிழைதிருத்துபவர்.

பத்தரை ஆகிவிட்டது. உறுப்பினர் ஓய்வறையில் காப்பி இருப்பதாக ஆலோசகர் சொன்னார். பிழைதிருத்துபவர் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லட்டா?" என்றார் மாமனார். "ஒரு தடவை ஒரு லிஃப்ட்ல ஆறு மணி நேரம் ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. காத்து வந்துச்சு, தண்ணி குடுத்தோம். ஆனா வெளியில பேச்சு நின்னா போதும், உள்ள அழ ஆரம்பிச்சிடுவாங்க. ஏதாவது பேசிட்டே இருங்க."

பிழைதிருத்துபவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. முன் கதவைத் திறந்து, கையேட்டை எடுத்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"'அவசர காலத்தில் பயணிகள் பின் இருக்கையை மடக்கி, பின்பெட்டி வழியாக வெளியேரலாம்.' வெளியேறலாம்னு வல்லின ற வரணும் மாமா. இடையின ர போட்டிருக்கான்."

"ற போட்டிருந்தா மட்டும் என் கால் மடங்கிடுமா?"

"'மலையேறி உங்களை எந்தச் சிகரத்திற்கும் அழைத்துச் செல்லும்.' இது சரியா இருக்கு."

"என்னது பேரு?"

"மலையேறி."

"பேர்லயே சொல்லிட்டான் பாருங்க, மலையேறிடுச்சுன்னு!" மாமனார் சிரித்தார். பதினோரு வருடத்தில் மாப்பிள்ளை அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. வயதுக்குப் பொருந்தாத, விக்கல்போன்ற ஒரு சிரிப்பு. அது நின்றபிறகு அவர் கொஞ்ச நேரம் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றார் பிறகு. "ஆபரேஷன்னதும் ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. கதவு திறக்கலன்னதும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

பிழைதிருத்துபவர் கையேட்டை மூடிவிட்டு இடுக்கு வழியாக நாலு விரல்களை உள்ளே நீட்டினார். வேறு எதுவும் அதில் நுழையாது. மாமனார் அவற்றைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கு மையம் பரபரப்பானது. மண்டல அனுபவ மேலாளர் மாதாந்திரப் பார்வைக்கு வந்திருந்தார். பணியாளர்கள் வரிசையில் நின்றார்கள். ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்த உரிமையாளர்களையும் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். மேலாளர் ஒரு மலையேறியின் படிக்கட்டில் ஏறி நின்று பேசினார்.

"குடும்பத்தாரே! போன வருடம் நமக்கு நாலாயிரம் புகார்கள் வந்தன. இந்த வருடம் எத்தனை தெரியுமா? பூஜ்யம். இதைச் சாதித்தது எப்படி என்று தலைமையகமே வியக்கிறது. புகார் என்ற கட்டத்தை நமது படிவத்திலிருந்து நீக்கினோம். அவ்வளவுதான்! மற்ற நிறுவனங்கள் வண்டியைச் சரிசெய்துகொண்டே காலத்தை வீணாக்குகின்றன. சரிசெய்தால் உறுப்பினர் போய்விடுவார். சரிசெய்யாவிட்டால் திரும்பத் திரும்ப நம்மிடம் வருவார். உறவு என்பது வேறென்ன?"

கைதட்டல் எழுந்தது. தட்டி முடித்த மேலாளரின் பார்வை ஜன்னல் இடுக்கில் தெரிந்த கண்களில் விழுந்தது.

"இவர் யார்?"

"காலையிலேருந்து வண்டிக்குள்ளயே இருக்கார் சார்" என்றார் ஆலோசகர், தரையைப் பார்த்தபடி.

"காலையிலிருந்தா? இறங்க மனமில்லாமலா?"

"மனசு இருக்கு சார்" என்று பிழைதிருத்துபவர் ஆரம்பித்தார். மேலாளர் அதற்குள் அவர் கையைப் பற்றிக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். ஓர் உரிமையாளர் தன் துணைக்குள் சராசரியாக நாற்பது நிமிடம்தான் தங்குகிறார் என்றும், இந்தப் பெரியவர் மண்டலச் சாதனையை முறியடித்துவிட்டார் என்றும் அறிவித்தார். மாலை வந்தது. இடுக்கு வழியாக அது நுழையாததால் வண்டிக்குப் போட்டார்கள். புகைப்படம் எடுத்தார்கள். "சிரிங்க ஐயா" என்றார் படமெடுத்தவர். மாமனார் பல்லைக் காட்டினார். அது சிரிப்பு இல்லை.

மனைவியின் போன் அப்போதுதான் வந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? அப்பா பேரைக் கூப்பிட்டாச்சு. இன்னிக்கு விட்டா நாலு மாசம் கழிச்சுத்தான் டேட்டு."

"கதவு திறக்கல. அதாவது, கதவு திறந்திருக்கு. அதனால திறக்க முடியல."

"எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பதினைந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சீருடையில் இறங்கிய மனைவி கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவை மட்டும் இடுக்கு வழியாகப் பார்த்து, "வலிக்குதாப்பா?" என்றாள். "இல்லம்மா, மாலையெல்லாம் போட்டாங்க" என்றார் அவர். அவள் பின்பெட்டியைத் திறந்தாள். அது திறந்தது. அதைப் பூட்ட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. உள்ளே ஏறி, மண்டியிட்டு, இருக்கையின் ஒரு பாதியைச் சாய்த்து, நோயாளிகளைக் கட்டில் மாற்றப் பயன்படும் வழுக்குத் துணியை அப்பாவின் முதுகுக்கடியில் நுழைத்தாள்.

"கையை நெஞ்சுல கட்டிக்கோங்கப்பா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். என்னங்க, அந்த மூலையைப் பிடிங்க. மூணு சொல்றப்போ இழுக்கணும்."

தினமும் பத்துப் பேரை இப்படி மாற்றுகிறவள் அவள். எண்பது கிலோ எடையுள்ள முன்னாள் அரசு அலுவலர், பின்பெட்டி வழியே, நோகாமல், ஒரு சோபாவைப்போல வெளியே வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் பதினான்கு மட்டும் கைதட்டினார்.

"ஒரு நிமிஷம் மேடம்!" வாசல் காவலர் கையை நீட்டி மறித்தார். வண்டியிலிருந்து எடுக்கப்படும் எந்தப் பொருளுக்கும் வெளியேற்றச் சீட்டு வேண்டும். ஆலோசகர் டேப்லெட்டில் எல்லாத் தலைப்புகளையும் தேடினார். மனிதர் என்று ஒரு தலைப்பு இல்லை. கடைசியில், 'கழற்றப்பட்ட பழைய பாகம், உரிமையாளரிடம் ஒப்படைப்பு' என்று பதிந்துகொண்டு நீட்டினார். மனைவி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே ஒரு கையால் கையெழுத்துப் போட்டாள்.

"பாகம் நல்ல நிலையில இருக்குன்னு டிக் பண்ணணும் மேடம்."

"ஒரு முட்டி தவிர" என்றாள் அவள். ஆம்புலன்ஸ் கிளம்பியது.

பிழைதிருத்துபவர் சாவியைக் கேட்டார். ஆலோசகர் சாவியோடு ஒரு படிவத்தையும் கொடுத்தார். 'உங்கள் அனுபவதை பகிரவும்' என்று தலைப்பு. கை தானாகப் பேனாவை எடுத்தது. விடுபட்ட இரண்டு ஒற்றெழுத்துகளையும் ஓரத்தில் எழுதினார்.

"ஐயோ, ஓரத்துல எதுவும் எழுதக்கூடாது சார்! பத்துக்கு எத்தனைன்னு மட்டும் வட்டம் போடுங்க."

அவர் பேனாவைப் பூஜ்யத்துக்கு மேலே கொண்டுபோனார். ஆலோசகரின் குரல் திடீரென்று நீலக் கோட்டைக் கழற்றிவிட்டதுபோல் ஆனது.

"சார், பத்து குடுத்தாத்தான் பத்து. ஒன்பது குடுத்தாலே எனக்குப் பூஜ்யம்னு கணக்கு. ரெண்டு பூஜ்யம் ஏற்கெனவே வாங்கிட்டேன். மூணாவது வந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. கதவு மூடித்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா சார்? வந்தவுடனே தெரியும்."

பத்தொன்பது வருடத்தில் பிழை என்று தெரிந்த எதையும் அவர் விட்டதில்லை. பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு பத்தைச் சுற்றி வட்டம் போட்டார். 'மேம்படுத்த வேண்டியது' என்ற சிறிய கட்டத்தில் 'கதவு' என்று மட்டும் எழுதிவிட்டு வண்டியை எடுத்தார். வைப்பர் அடியில் யாரோ ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகியிருந்தார்கள். ஒரு போன் எண், அதற்குக் கீழே 14.

மாமனாரைக் கடைசிக்கு முந்தைய ஆளாக அறுவை அறைக்குள் எடுத்துக்கொண்டார்கள். நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "மாப்பிள்ளை எங்க?" என்றுதான். மனைவிக்கு அது கொஞ்சம் வருத்தம்.

ஒரு வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. கதவு குறித்த அவருடைய மேலான யோசனை ஏற்கப்பட்டு, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாம். ஓடிப்போய் வண்டியை முடுக்கிப் பார்த்தார். 'கதவு திறந்திருக்கிறது' என்ற சிவப்பெழுத்து போய்விட்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

அவர் துண்டுக் காகிதத்தைத் தேடி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினான்கு வந்தார். எண் இல்லாத கட்டம் போட்ட சட்டையில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். கதவின் உட்பலகையைக் கழற்றி, உடைந்த க்ளிப்பை எடுத்துக் காட்டி, புதிதொன்றை மாட்டினார். சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது அது.

"பத்து நிமிஷம்னு சொன்னேன். ஏழுதான் ஆச்சு" என்றார், கொஞ்சம் பெருமையாக.

ஊன்றுகோலோடு வந்த மாமனார் கதவைத் திறந்தார், மூடினார். இருபது தடவை எண்ணிக்கொண்டே செய்தார். "கையெழுத்துப் போடலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பதிவுத் தபால் வந்தது. பிழைதிருத்துபவர் அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தார். "'தங்கள் மலையேறியின் பின் இடக்கதவு திறப்பதும் மூடுவதுமாக இருப்பதை எங்கள் அமைப்பு தொலைவிலிருந்து கண்டறிந்துள்ளது. இது அங்கீகரிக்கப்படாத மாற்றம். ஏழு நாட்களுக்குள் வாகனத்தைக் கொண்டுவந்தால் பழைய நிலைக்கே மீட்டுத் தரப்படும். தவறினால் உத்தரவாதம் ரத்தாகும்.'"

"தப்பு எதுவும் இருக்கா?" என்று மாமனார் கேட்டார்.

"ஒரு தப்புகூட இல்ல மாமா. நல்லா எழுதியிருக்கான்."

மாமனாருக்கு அந்த விக்கல் சிரிப்பு வந்தது. தையல் வலிக்கிறது, சிரிக்காதீர்கள் என்று மகள் அதட்டியும் நிற்கவில்லை. உத்தரவாதம் போனால் போகட்டும் என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

ஏழாவது நாள் ஆலோசகர் போன் செய்தார்.

"வணக்கம் சார். உங்க துணையை எப்போ கூட்டிட்டு வர்றீங்க? கதவைத் திறக்காதபடி பண்ணிக் குடுத்துடுவோம். அன்னிக்கே முடிஞ்சிடும்."

"நாங்க வரலைங்க. கதவு இப்படியே இருக்கட்டும்."

"உறுப்பினர் வர மறுக்கிறார்னு பதிஞ்சுக்கறேன் சார்." விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு கதவு சாத்தும் ஓசை. ஆலோசகர் மறுபடியும் பேசியபோது கழிப்பறையில் இருந்து பேசுவதுபோல் குரல் எதிரொலித்தது.

"சார், உங்க வீட்டுக்கு யார் வந்து சரிபண்ணினதுன்னு எனக்குத் தெரியும். பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்லல. இங்க வேலை பார்க்கறவங்க எல்லாரும் இந்த வண்டியைத்தான் வாங்கணும் சார். எங்க வீட்டுலயும் அதேதான். ரெண்டு மாசமா என் பொண்ணு பின்பெட்டி வழியா ஏறித்தான் ஸ்கூலுக்குப் போறா. இங்க நாங்க மெக்கானிக்கோட பேசினா கேமராவுல விழுந்துடும். அவர் வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வருவாரான்னு நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"